காவடிச் சோறும் கல்லூரிக் கேன்டீனும்



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது, "சிங்கப்பூர்ல படிச்ச அனுபவத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்பதுதான். படிப்பைப் பற்றி எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவில் தன் முகத்தைத் தேடப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் ஊர்ப்பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். கட்டுரையின் முடிவில் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதலில் என் ஊர். நான் மாரண்டஹள்ளிக்காரன். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு தாலுகா. சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் ரயில் பாதையில் பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே வரும் ஸ்டேஷன். ஊருக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். ஆறு என்றால் எங்களுக்குச் சின்னாறு, அணை என்றால் பஞ்சப்பள்ளி. கடல் வெகு தூரம். சாப்பாடு என்றால் ராகிக் களி, கீரை, அவரைக்கொட்டைக் குழம்பு. இப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவன் கடல்கடந்த ஒரு கேன்டீனில் என்ன கண்டான் என்பதுதான் விஷயம்.

குன்றின் மேல் ஒரு கேன்டீன்

நான் மேற்படிப்புக்குப் போனது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். 2014ஆம் ஆண்டு. கெண்ட் ரிட்ஜ் என்ற குன்றின் மேல் ஏறியும் இறங்கியும் கிடக்கும் வளாகம் அது. ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு கேன்டீன் உண்டு. பொறியியல் மாணவர்களுக்கு 'டெக்னோ எட்ஜ்'. பெயர் பெரிதாக இருந்தாலும் ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. வரிசையாகச் சிறு கடைகள், நடுவில் பொதுவான மேசைகள். பேராசிரியர், ஆராய்ச்சி மாணவர், கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டியதுதான். மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டது என்று பொருள். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதே சட்டம்!

ஒரு கடையில் ஹைனான் கோழிச் சோறு. ஒன்றில் நூடுல்ஸ் வகைகள். ஒன்றில் சோற்றின் மேல் நாம் கைகாட்டும் இரண்டு மூன்று தொடுகறியை வைத்துத் தருவார்கள். ஒன்று முஸ்லிம் சாப்பாட்டுக் கடை: ரொட்டி பிராட்டா, மீ கோரெங், நாசி கோரெங். கடைசியில் பானங்களுக்கென்றே தனிக்கடை.

போன புதிதில் இவை எல்லாமே வெளிநாட்டுச் சாப்பாடு. ஆனால் பிராட்டா போடுகிறவரைக் கவனித்தால், மாவை எண்ணெய் தடவி உருட்டி வைத்து, அடித்து, காற்றில் வீசி, துப்பட்டி மாதிரி விரித்து மடிக்கிறார். இது நம் ஹைவே ஓரத்துப் பரோட்டா மாஸ்டரின் கைதானே! பேச்சுக் கொடுத்தேன்.

"எந்தூரு தம்பி?" என்றார்.

"தருமபுரி பக்கம்ணே. மாரண்டஹள்ளி."

"ஒகேனக்கல் இருக்குதே, அந்தத் தருமபுரியா? நான் ராம்நாடு."

அன்று முதல் என் பிராட்டாவுக்குக் குழம்பு ஒரு கரண்டி கூடுதலாக வந்தது. எனக்கும் ஒரு கேள்வி கூடுதலாக வந்தது. இந்தச் சாப்பாடு இங்கே எப்படி வந்து சேர்ந்தது? லைப்ரரியில் பாடப் புத்தகம் தேடிய நேரத்தைவிட இதைத் தேடிய நேரம் அதிகம் என்று சொன்னால் என் பேராசிரியர்கள் வருத்தப்படுவார்கள்.

தோளில் வந்த சோறு

மலேசியாவின் பினாங்கில் 'நாசி கண்டார்' என்று ஒரு சாப்பாடு புகழ் பெற்றது. நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் தடி வைத்து இரு முனையிலும் பாரம் தொங்கவிட்டுச் சுமப்பது. தமிழில் சொன்னால் காவடிச் சோறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை என்று சுமந்துகொண்டு பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விற்றார்கள். சாப்பிட வருகிறவனுக்குக் கடைக்குப் போக நேரம் இல்லை. விற்கிறவனுக்குக் கடை வைக்கக் காசு இல்லை. ஆகவே கடையே நடந்து வந்தது. எங்கள் ஊரில் கழனிக்குத் தூக்குப்போசியில் களி போவதும் அதே நியாயம்தான்.

இந்தத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களை மலாய்க்காரர்கள் 'மாமாக்' என்று அழைத்தார்கள். நம் 'மாமா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். அன்போடும் சொல்வார்கள், சில நேரம் இளக்காரமாகவும் சொல்வார்கள். இன்று மலேசியாவில் இரவு முழுவதும் திறந்திருக்கும் மாமாக் கடைக்குப் போகாத கல்லூரி மாணவன் இருக்க மாட்டான். தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி நாம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனதுபோல.

சிங்கப்பூரில் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. பொதுவாக ஆண்கள் மட்டும் கப்பல் ஏறிய காலத்தில் இவர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். இன்றைக்குச் சிங்கப்பூரின் சமையலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்த அம்மிக் கல்லுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

'மீ கோரெங்' என்ற ஒரே தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீ என்பது சீனர்களின் ஹொக்கியன் பேச்சுச் சொல், நூடுல்ஸ் என்று பொருள். கோரெங் என்பது மலாய்ச் சொல், வறுத்தல். வறுக்கிறவர் தமிழர். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுச் சிவக்கச் சிவக்கப் புரட்டித் தருவார். சீனாவில் போய்த் தேடினால் இந்தப் பதம் கிடைக்காது, இராமநாதபுரத்தில் தேடினாலும் கிடைக்காது. மூன்று பேர் சந்தித்த இடத்தில்தான் அது பிறந்தது.

பிராட்டாவை மலேசியாவில் 'ரொட்டி சானாய்' என்கிறார்கள். 'சென்னை'யிலிருந்து வந்த பெயர் என்பார் ஒரு சாரார். மாவைத் தேய்த்து விரிப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பார் இன்னொரு சாரார். பட்டிமன்றம் நடத்தலாம். அதற்குள் ரொட்டி ஆறிவிடும்.

கப்பலில் ஏறிய சொற்கள்

ஆட்கள் போனால் சொற்களும் கூடவே போகும். மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்'. பெட்டிக்குப் 'பெட்டி'. கப்பலுக்குக் 'கப்பல்'. கட்டிலுக்குக் 'காத்தில்'. கூலிக்குக் 'கூலி'. வியாபாரத்தில் போடும் முதலுக்கு 'மொடால்'. குளத்துக்குக் 'கோலாம்'. சுருட்டுக்குச் 'செருத்து'. சாப்பாட்டுப் பக்கம் வந்தால் கறி, ஆப்பம், புட்டு மூன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. மாம்பழத்துக்கு 'மெம்பெலம்' என்றும் ஒரு பெயர் உண்டு. மாம்பழ மாவட்டத்துக்காரனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்!

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடை, பெட்டி, முதல், கூலி, கப்பல். பெரும்பாலும் அரசவைச் சொற்கள் அல்ல, உழைத்துப் பிழைக்க வந்தவர்களின் சொற்கள். கடாரத்துக்குப் படையெடுத்த சோழனைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம். ஆனால் கேன்டீன் மேசையில் எனக்குக் கிடைத்த தமிழ், மூட்டையோடும் பெட்டியோடும் போன தமிழ்.

ஒரு சொல் மட்டும் என்னை ஏமாற்றியது. மரவள்ளிக்கிழங்கைப் புளிக்க வைத்து மலாய்க்காரர்கள் 'தாபாய்' என்ற இனிப்புப் பண்டம் செய்வார்கள். அதைக் கொண்டுவந்திருந்த சக மாணவி ஒருத்தி, "இதில் ராகி போட்டிருக்கிறது" என்றாள். நம் ஊர் ராகி இங்கேயா என்று எனக்குக் காது நிமிர்ந்தது. மலாயில் 'ராகி' என்றால் புளிக்க வைக்கும் ஈஸ்ட் உருண்டையாம்! எங்கள் களிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இழுத்த டீயும் கறுப்புக் கோப்பியும்

பானக் கடையில் ஆர்டர் கொடுப்பது தனிக் கலை. 'கோப்பி' என்றால் கன்டென்ஸ்டு மில்க் போட்ட காபி. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். 'ஓ' என்பது ஹொக்கியனில் கறுப்பு. 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரையும் வேண்டாம் என்று அர்த்தம். கோசோங் என்பது மலாயில் வெறுமை. 'பெங்' என்றால் ஐஸ். ஆக, "கோப்பி ஓ கோசோங் பெங்" என்று சொல்பவன் ஒரே மூச்சில் இரண்டு மொழி பேசுகிறான். பக்கத்தில் நிற்கும் தமிழன் "அண்ணே, ஒரு டீ" என்றால் மூன்றாவதும் சேர்ந்துவிடும்.

காபிக் கடைக்கு அங்கே 'கோப்பிதியாம்' என்று பெயர். கோப்பி மலாய், தியாம் ஹொக்கியனில் கடை. இந்தத் தொழிலில் பேர் வாங்கியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். மற்றச் சீனப் பிரிவினருக்குப் பிறகு வந்ததால் நல்ல வியாபாரங்கள் எல்லாம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தன. வெள்ளைக்காரர் வீட்டிலும் கப்பலிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். அங்கே கற்றுக்கொண்ட ரொட்டி டோஸ்டையும் காபியையும் பிறகு தெருக்கடைக்குக் கொண்டு வந்தார்கள். கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்து வறுத்து, நீளமான துணிப் பையில் வடிகட்டுவார்கள். நாம் சிக்கரி கலந்து ஒரு வழி கண்டோம், அவர்கள் சர்க்கரையைக் கருக வைத்து ஒரு வழி கண்டார்கள்.

டீ நம்மவர் பங்கு. 'தே தாரிக்' என்றால் இழுத்த டீ. ஒரு குவளையைத் தலைக்கு மேலும் மறு குவளையை இடுப்புக்குக் கீழும் பிடித்து ஊற்றும்போது டீ ஒரு கஜ நீளத்துக்கு நாடா மாதிரி இழுபடும். பொறியாளன் கண்ணால் பார்த்தால் விஷயம் எளிது. திரவத்தை மெல்லிய தாரையாக்கினால் காற்றுபடும் பரப்பு கூடுகிறது, சூடு சட்டென்று இறங்குகிறது, கெட்டியான பால் நன்றாகக் கலக்கிறது, காற்று உள்ளே போய் நுரை கட்டுகிறது. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு மாஸ்டர் இதற்கு 'ஆத்துறது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவரை யாரும் கலைஞர் என்று அழைத்ததில்லை. அங்கே தே தாரிக் இழுப்பதற்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள்.

தெருவில் விற்றவர்கள் கேன்டீன்களுக்குள் வந்ததும் ஒரு வரலாறுதான். சிங்கப்பூர் அரசு 1968இலிருந்து 1986 வரை தெருக் கடைக்காரர்களைக் கணக்கெடுத்து, உரிமம் கொடுத்து, தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள உணவு மையங்களுக்கு மாற்றியது. நடுவில் பொது மேசை, சுற்றிலும் சிறு கடை என்ற அமைப்பு அங்கே ஊன்றியது. நான் சாப்பிட்ட கேன்டீனும் அதே வார்ப்புதான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தத் தெரு உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. காவடியில் தொடங்கிய தொழிலுக்குப் பாரிஸிலிருந்து பட்டயம்!

சேலத்துக்கு வந்த சவ்வரிசி

இதுவரை நம்மிடமிருந்து போனதைச் சொன்னேன். வந்ததையும் சொல்ல வேண்டும்.

அங்கே 'சாகோ குலா மலாக்கா' என்று ஒரு இனிப்பு. வெந்த சவ்வரிசியின் மேல் தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றித் தருவார்கள். சாப்பிட்டவுடன் நம் வீட்டுப் பாயசம் நினைவுக்கு வரும். நம் 'சவ்வரிசி'யே 'சாகு' என்ற மலாய்ச் சொல்லும் 'அரிசி'யும் சேர்ந்த பெயர் என்பார்கள். அசல் சாகு ஒரு வகைப் பனைமரத்தின் உட்சோற்றிலிருந்து எடுப்பது. தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் நமக்கு வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கடல் வழி அடைபட்டது. சவ்வரிசி வரத்து நின்றது. சேலத்தில் சொல்லப்படும் வரலாறு இது: 1943இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயாவில் அனுபவம் பெற்றிருந்த போபட்லால் ஷா என்பவரோடு சேர்ந்து, மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினார். அந்தக் குடிசைத் தொழில்தான் பின்னர் சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரம் முழுக்கப் பரவியது. 1981இல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அதே போர் வருடங்களில் சிங்கப்பூர் மக்கள் அரிசி கிடைக்காமல் எதை வைத்து உயிர் பிழைத்தார்கள் தெரியுமா? மரவள்ளிக்கிழங்கைத்தான். அங்கே பழைய ஆட்களுக்கு அந்தக் கிழங்கின் பெயர் சொன்னாலே ஜப்பான்காரன் காலம் ஞாபகம் வரும். ஒரே போர், ஒரே கிழங்கு. கடலின் அந்தக் கரையில் பஞ்சச் சாப்பாடு, இந்தக் கரையில் புதுத் தொழில். நம்மில் எத்தனை பேருடைய கல்லூரி ஃபீஸ் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்தது என்று கை தூக்கச் சொன்னால் அரங்கத்தில் கால்வாசிக் கைகள் எழும்.

கடலைத் தாண்டாமலே தென்கிழக்காசியச் சாப்பாடு வேண்டுமென்றால் சென்னை பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார்ப் பக்கம் போய் 'அத்தோ' சாப்பிடலாம். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு திரும்பினார்கள். சொத்தைக் கொண்டுவர முடியவில்லை. நூடுல்ஸ் பிசைகிற கைப்பக்குவத்தையும் வாழைத்தண்டு சூப்பையும் கொண்டு வந்தார்கள். சுங்கச் சாவடியில் பறிமுதல் செய்ய முடியாத சொத்து அது ஒன்றுதான்.

பல்கலைக்கழகத்துக்குக் காசு கொடுத்தவர்கள்

சோறு போட்டவர்கள் கதை இது. வளாகத்தைக் கட்டியவர்கள் யார் என்று பார்க்கப் போனால் அங்கேயும் ஒரு செய்தி இருக்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1905இல் ஏற்பட்ட ஒரு மருத்துவப் பள்ளியில் காண்கிறது. அதற்காக டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் உள்ளூர் மக்கள் திரட்டிய தொகை 87,077 வெள்ளி. 1949இல் அந்த மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. இன்னொரு பக்கம், சீன மொழியில் உயர்கல்வி வேண்டும் என்று 1953இல் ரப்பர் வணிகர் டான் லார்க் சை குரல் கொடுத்தார். நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரண்டது. பணக்காரர்கள் மட்டும் கொடுக்கவில்லை. ட்ரைஷா ஓட்டுகிறவர்கள் ஒருநாள் முழுக்கப் பெடல் மிதித்துச் சம்பாதித்ததை அப்படியே கொடுத்தார்கள். 1956இல் வகுப்புகள் தொடங்கின. 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்துதான் நான் படித்த இன்றைய பல்கலைக்கழகம் உருவானது.

தமிழ்ப் பக்கமும் அப்படியே. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைய இருந்தபோது அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று, 1935இல் 'தமிழ் முரசு' நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். கடைக்காரர், தோட்டத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி என்று எளியவர்களின் காசும் சிறுகச் சிறுக அதில் சேர்ந்தது. 1956இல் துறை தொடங்கியது. 1961இல் அங்கே பேராசிரியராக வந்தவர் தனிநாயக அடிகள். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது சென்னையிலோ மதுரையிலோ அல்ல, கோலாலம்பூரில். சென்னை மாநாடு 1968இல் வந்த இரண்டாவது மாநாடு.

அந்த நிதிக்குக் காசு கொடுத்த தோட்டத் தொழிலாளிகள் எந்த ஊர்க்காரர்கள்? கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காட்டோடு சேலமும் ஒன்று. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அதுவரை எங்கள் ஊரும் சேலம் மாவட்டம்தான். மழை பொய்த்த வருடங்களில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்களில் நம் வறண்ட தாலுகாக்களின் ஆட்களும் இருந்தார்கள். 1938இல் இந்திய அரசு கூலிகளை இப்படி அனுப்புவதைத் தடுத்த பிறகும், போனவர்களின் குடும்பங்கள் அங்கேயே வேர்விட்டன. 1926இலிருந்து 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்கள் முகம் மாறும்.

அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் உள்ளே தமிழ் இருக்க வேண்டும் என்று காசு கொடுத்தார்கள், உள்ளே படிக்கிறவனுக்குச் சோறு போட்டார்கள்.

இது பழங்கதை மட்டும் அல்ல. என் பிராட்டா அண்ணன் ஒருநாள் சொன்னார்: "இங்க வர்றதுக்கு ஏஜென்ட்டுக்குக் கட்டின காசு அடையவே எனக்கு ஒண்ணேகால் வருஷம் ஆச்சு தம்பி. அதுக்கப்புறம் சம்பாதிச்சதுதான் நம்மளது." நான் படிப்புக் கடன் வாங்கிப் போனவன், அவர் வேலைக் கடன் வாங்கி வந்தவர். என் கடனுக்குப் பாங்க்கில் பெயர் 'முதலீடு'. அவருடைய கடனுக்கு அப்படி யாரும் பெயர் வைக்கவில்லை. அவருடைய மகள் அப்போது இராமநாதபுரத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். "என்ஜினீயரிங் சேர்க்கலாமா தம்பி? எந்தப் பிரிவு எடுத்தா வேலை கிடைக்கும்?" என்று கல்லில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே கேட்பார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அந்தக் கேன்டீனில் எனக்கு வைக்கப்பட்ட மிகக் கடினமான தேர்வு அதுதான். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பாடப்பிரிவுகளை விளக்கினேன். மார்க் வந்ததும் போன் நம்பர் வாங்கிக்கொண்டு அவள் கேட்ட சந்தேகங்களுக்கும் பதில் சொன்னேன். கூடுதல் கரண்டிக் குழம்புக்கு நான் கொடுத்த விலை அவ்வளவே.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். ஒவ்வொரு மலரிலும் 'கடல் கடந்த நம்மவர்கள்' என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறோம். பெயர், பட்டம் பெற்ற ஆண்டு, நாடு, பதவி. நல்ல காரியம். என் பெயரும் அதில் வந்தது, எங்கள் வீட்டில் காட்டிப் பெருமைப்பட்டார்கள்.

ஆனால் நம் நான்கு வருடத்தையும் நடத்தியவர்கள் வேறு சிலரும் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு இட்லி அண்டா ஏற்றிய மெஸ் மாஸ்டர். "ஏங் கண்ணு, நேத்து ராத்திரி சாப்பிட வரலியே?" என்று கேட்ட பாத்திரம் கழுவும் அம்மா. மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு டீ கொடுத்த கேன்டீன் அண்ணன். அவர்கள் எந்த ஊர்? எப்படி இந்த வேலைக்கு வந்தார்கள்? அவர்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? கல்லூரி ஆண்டறிக்கையில் கட்டடத்தின் சதுர அடி வரை இருக்கிறது. இது இல்லை.

பினாங்கில் காவடி சுமந்த முதல் வியாபாரியின் பெயரை இன்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் காரணம். நம் மெஸ் மாஸ்டரின் பெயரை நம்மால் சொல்ல முடியும். இன்னும் காலம் கடக்கவில்லை.

ஆகவே மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று: தற்போதைய மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, விடுதி மெஸ்ஸிலும் கேன்டீனிலும் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் எல்லோரையும் சந்தித்து அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும். செல்போனில் பதிவு செய்தால் போதும், பெரிய செலவு இல்லை. அடுத்த மலரில் அதற்குப் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பு என்னுடையது.

இரண்டு: அடுத்த சந்திப்பில் அவர்களைச் சமையல்கட்டில் நிறுத்தாமல் மேடைக்கு முன்வரிசையில் உட்கார வையுங்கள். அன்றைக்குச் சாப்பாடு வெளியில் சொல்லிக்கொள்ளலாம். பரிமாறுவது பழைய மாணவர்கள்.

மூன்று: நம் சங்கத்தின் உதவித்தொகையில் ஆண்டுதோறும் ஓர் இடம் அவர்கள் பிள்ளைகளுக்கு. மார்க் எவ்வளவு என்று பிறகு பார்க்கலாம். முதல் ஆண்டுக்கான தொகையை நானும் என் வகுப்புத் தோழர்கள் ஆறு பேரும் ஏற்றுக்கொள்கிறோம். பொருளாளரிடம் கடிதம் கொடுத்தாகிவிட்டது.

ட்ரைஷா ஓட்டியவர்கள் ஒருநாள் சம்பாத்தியத்தைக் கொடுத்து ஒரு பல்கலைக்கழகத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். வருடத்துக்கு ஒருநாள் சம்பளம் என்று நாமும் கணக்குப் போட்டால் நம்மில் யாருக்கும் பாரமாக இருக்காது. விழா அன்று மதியச் சாப்பாட்டு வரிசையில் சந்திப்போம். படிவம் என் கையில் இருக்கும்.